தரம் 3 மகள் கணக்குக் கொப்பியைத் திறக்கவே பயப்படுகிறாள். என்ன செய்யலாம்?

உப்புவெளி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு எட்டு வயது. போன வருடம் வரை வாய் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். கடற்கரைக்குப் போனால், "கடல் நீலமாக இருக்கிறதே அம்மா, வாளியில் அள்ளினால் ஏன் நீலமாக இல்லை?" என்று கேட்பாள். எனக்கு விடை தெரியாது. "பிறகு சொல்கிறேன்" என்று சொல்லிவிடுவேன்.

இந்த வருடம் கேள்விகள் நின்றுவிட்டன. வகுப்பில் நாலாம் வாய்ப்பாடு சொல்லும்போது 4 × 7 இல் தடுக்கி நின்றிருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கணக்குக் கொப்பியை எடுத்தாலே கண் கலங்குகிறது. சுற்றாடல் பாடத்தில் புள்ளி வருகிறது, ஆனால் எல்லாம் பாடமாக்கியது. "காற்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதற்கு நிறை உண்டு" என்று ஒப்புவிக்கிறாள். நிறை என்றால் என்ன என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறாள்.

நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு. கணக்கு எனக்கும் பயம்தான், அதுதான் அவளுக்கும் தொற்றியதோ என்று மனது கிடந்து அடிக்கிறது. காசு கொடுத்துப் பெட்டி பெட்டியாக விளையாட்டுச் சாமான் வாங்க வசதியில்லை. இங்கே ஆசிரியர்கள் இருப்பீர்கள். வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சர்

தங்கச்சி, வாய்ப்பாட்டை ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள். அவள் கடைசியாகக் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குங்கள். கடல் கேள்வியை எட்டு வயதில் கேட்டிருக்கிறாளே, அது லேசான கேள்வி இல்லை. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. இராமனைப் பிடித்துக்கொண்டதும் மத்தியதரைக் கடலின் நீலம்தான். வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று அப்போது படித்தவர்கள் சொல்லிவந்தார்கள். அது முழு விடை அல்ல, தண்ணீருக்கும் இதில் சொந்தப் பங்கு உண்டு என்று அவர் காட்டினார். ஒளி சிதறுவதைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. 1930இல் நோபல் பரிசு வரை போனது அந்த வழிதான்.

மகளுக்கு இதைக் கதையாகச் சொல்லலாம். ஆனால் விடையை முதலில் சொல்லிவிடாதீர்கள். திருகோணமலை டச்பே கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். முழங்கால் தண்ணீரில் நின்று கீழே பார்க்கச் சொல்லுங்கள், மணல் தெரியும். இன்னொரு நாள் கோணேசர் கோயில் மலையில் நின்று ஆழக் கடலைப் பார்க்கட்டும். "எங்கே நீலம் கூட?" என்று மட்டும் கேளுங்கள். ஆழம் கூடக் கூட நீலம் கூடுகிறது என்பதை அவளே கண்டுபிடித்துவிடுவாள். ஏன் என்று அவள் திருப்பிக் கேட்டால், வெயிலில் எல்லா நிறமும் இருக்கிறது, தண்ணீர் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும், வாளித் தண்ணீருக்கு விழுங்க இடம் போதாது என்று சொல்லுங்கள். அந்த வயதுக்கு அவ்வளவு போதும்.

முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்த எனக்குத் தெரிந்த ஒரே முறை இதுதான். முதலில் பிள்ளை ஊகிக்க வேண்டும். பிறகு அளக்க வேண்டும். விடை கடைசியில்தான். நாங்கள் பாடசாலையில் பெரும்பாலும் விடையை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். பிறகு பிள்ளை யோசிக்க என்ன இருக்கிறது?

கரைவலை

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. ஆனாலும் சொல்ல ஒன்று இருக்கிறது.

நாங்கள் கயிறு அளப்பது பாகத்தில். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். மகனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது வலைக்கயிறு அளக்கும் இடத்தில் வந்து நின்று தானும் அளப்பேன் என்றான். விட்டேன். நான் அளந்தால் இருபது பாகம் வந்த கயிறு, அவன் அளக்க முப்பதுக்கு மேல் போனது. "அப்பா, கயிறு நீண்டுவிட்டது" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனைக் கூட்டி வந்து அளக்க வைத்தான், அது வேறு எண். அன்று இரவு படுக்கும்போதுதான் சொன்னான், "கயிறு அதேதான், கைதான் வேறு."

இப்போது அவன் தரம் 7. மீற்றர், சென்ரிமீற்றர் எதற்கு வந்தது என்று அவனுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மீன் பங்கு பிரிக்கும் இடத்திலும் பிள்ளையை நிற்க விடுங்கள். வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு இத்தனை பங்கு என்று சொல்லும்போது வகுத்தல் கணக்கு கண்முன்னே நடக்கிறது. கணக்குப் பிழைத்தால் பெரியவர்கள் சண்டை போடுவார்கள் என்பதால் பிள்ளை கவனமாகப் பார்க்கும்.

தரம்5 அப்பா

எல்லோரும் நல்லதைத்தான் சொல்கிறீர்கள். மனதில் இருப்பதைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். என் மகனுக்கு இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. பாடசாலை விட்டு வந்ததும் ரியூசன், வந்து சாப்பிட்டதும் மாதிரி வினாத்தாள். கடற்கரையில் நின்று நீலம் பார்க்க எங்களுக்கு நேரம் எங்கே? பரீட்சையில் கயிறு அளக்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். நல்ல பாடசாலைக்கு இடம் கிடைக்க வேண்டும் என்றால் வெட்டுப்புள்ளி தாண்ட வேண்டும். இது எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு விளையாட்டு அல்ல. அம்மாவிடம் சொல்கிறேன், தரம் 3இல் வாய்ப்பாட்டை விட்டால் தரம் 5இல் பிடிக்க முடியாது.

கிண்ணியா ஆசிரியர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். தரம்5 அப்பா சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. என் வகுப்பில் 38 பிள்ளைகள், ஒவ்வொரு பெற்றோரும் அதே பயத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விஞ்ஞானம் தனிப் பாடமாக வருவது தரம் 6இல்தான். அதற்கு முன் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே செயற்பாடு இருக்கிறது. நாங்கள் அதை வாசிப்புப் பாடமாக மாற்றிவிட்டோம். பரீட்சைக்குப் பயந்து தரம் 3, 4இல் இதைக் கைவிடும் பிள்ளை தரம் 6இல் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறக்கும்போது அது அந்நியமாக நிற்கிறது. புலமைப்பரிசில் சித்தியடைந்த பிள்ளைகளும் தரம் 8, 9இல் கணிதத்தில் விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். போன மாரிக்குப் பிறகு பிள்ளைகளை இரண்டு இடத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். உப்புவெளிப் பக்கம் உறவுக்காரர் உள்ளவர்கள் அங்கிருந்து, மற்றவர்கள் இங்கே கொட்டியாரக் குடாவிலிருந்து. ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. தட்டையான தட்டுகளில் ஊற்றி யன்னலோரம் வைத்தோம். முதல் முறை மழைச் சாரல் விழுந்து எல்லாம் பாழ். பிள்ளைகள் தாங்களாகவே, "சேர், திரும்பவும் செய்வோம்" என்றார்கள். இரண்டாம் முறை காய்ந்த பிறகு தராசில் வைத்தால், குடாத் தண்ணீரில் உப்பு கண்ணுக்குத் தெரியக் குறைவு. ஏன் என்று இரண்டு நாள் வகுப்பே வாக்குவாதம். ஒரு பிள்ளைதான் எழும்பிச் சொன்னாள், "மகாவலி ஆறு வந்து விழுகிறதே சேர், அது கலந்துவிட்டது."

அந்தப் பிள்ளை மற்ற நாட்களில் வாய் திறப்பதில்லை. நிறை, கனவளவு, கலவை, ஆறு, மாரி, பின்னம் எல்லாம் அந்த இரண்டு தட்டில் இருந்தன. மாதிரி வினாத்தாளில் இதே விடயம் வந்தபோது யாரும் தடுமாறவில்லை.

மூதூர்ப் பொண்ணு

உம்மம்மா பன்பாய் இழைப்பார். சாயம் போட்ட பன்னை எத்தனைக்கு ஒன்று விட்டு எடுக்க வேண்டும் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். "மூன்று மேலே, மூன்று கீழே, அடுத்த வரியில் ஒன்று தள்ளி." நான் பக்கத்தில் இருந்து எண்ணுவேன். ஒரு வரி பிழைத்தால் பத்து வரி தள்ளித்தான் கண்ணுக்குத் தெரியும், எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறேன். கோலம், பாய், முட்டை மட்டை எல்லாம் பெருக்கல்தான். முட்டை மட்டையில் ஐந்து வரி, வரிக்கு ஆறு. பக்கவாட்டில் பார்த்தால் ஆறு வரி, வரிக்கு ஐந்து. 5 × 6 உம் 6 × 5 உம் ஏன் ஒன்று என்று அதைத் திருப்பி வைத்தே காட்டிவிடலாம். அம்மா, வாய்ப்பாட்டை வாயால் சொல்ல வைக்க முன் கையால் அடுக்க வையுங்கள்.

உப்புவெளி அம்மா

நீங்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை கோணேசர் கோயில் பக்கம், கோட்டைக்குக் கூட்டிப் போனேன். அங்கே திரியும் மான்களை எண்ணச் சொன்னேன். அவள் 31 என்றாள். நான் எண்ணியது 36. "சரியாகப் பார், ஐந்தை விட்டுவிட்டாய்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், முகம் சுருங்கிப் போனது. வீட்டுக்கு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்தது பிழை என்று உடனேயே விளங்கிவிட்டது. ஆனால் பிழையான விடையைச் சரி என்றும் சொல்ல முடியாதே? அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சர்

தங்கச்சி, மான்கள் நடந்துகொண்டே இருக்கும். 36 என்பது சரி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேருக்கு இரண்டு எண் வந்தது என்பதுதான் அங்கே கிடைத்த நல்ல விடயம். "எனக்கு 36 வந்தது, உனக்கு 31. எப்படி இப்படி வந்தது?" என்று கேட்டிருந்தால் அவள் யோசித்திருப்பாள். மரத்துக்குப் பின்னால் நின்றவை, இரண்டு முறை எண்ணியவை, குட்டிகளைச் சேர்த்ததா இல்லையா. காட்டு விலங்குகளை எண்ணும் விஞ்ஞானிகளுக்கும் இதே பிரச்சினைதான்.

சரி, அது போகட்டும். இப்போது நல்ல காலம் வருகிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருகோணமலை ஏறக்குறைய 8.6 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை சூரியன் நேரே எங்கள் உச்சந்தலைக்கு மேல் வரும். ஒன்று ஏப்ரல் 12ஐ ஒட்டி, மற்றது ஆகஸ்ட் கடைசியில். அந்த நண்பகலில் நேராக நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது.

இதற்கு ஒரு காசும் வேண்டாம். ஒரு மீற்றர் நீளக் குச்சி, மேசன்மாரின் தூக்குக்குண்டு (நூலில் கல்லைக் கட்டினாலும் போதும்), அடிமட்டம், சுண்ணக்கட்டி. சமதரையில் குச்சியைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நடுங்கள். மதியம் 12.00 முதல் 12.20 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் முனையை மகள் சுண்ணக்கட்டியால் குறிக்கட்டும். எது மிகக் குட்டையோ அதுதான் அன்றைய நண்பகல் நிழல். மணிக்கூடு 12 காட்டும்போதே அது வராது, சில நிமிடம் பிந்தித்தான் வரும். அதையும் அவளே கவனிக்கட்டும்.

இன்று மார்ச் 15, ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். கணக்குக் கொப்பியில் வேண்டாம், புதிதாக ஒரு கொப்பி. ஏப்ரல் 12க்கு இன்னும் எத்தனை நாள் என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள். நிழல் எந்த நாளில் இல்லாமல் போகும் என்பதை மட்டும் தயவு செய்து சொல்லாதீர்கள். நிழல் குறைகிறது என்று அவள் கண்டதும், "எப்போது முடியும்?" என்று கேளுங்கள்.

வீட்டில் கிணறு இருந்தால் அன்று பார்க்க இன்னொன்றும் உண்டு. சூரியன் நேர் மேலே இருக்கும்போது கிணற்றின் அடித் தண்ணீரில் அது தெரியும். 2,200 வருடத்துக்கு முன் எகிப்தில் சையீன் ஊரில் இப்படித் தெரிகிறது, அதே நாளில் வடக்கே அலெக்சாந்திரியாவில் மட்டும் நிழல் விழுகிறது என்பதை வைத்துத்தான் எரதோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் பூமியின் சுற்றளவைக் கணித்தார். ஆனால் சூரியனை நேராகவோ தண்ணீரிலோ உற்றுப் பார்க்க விடாதீர்கள், கண் போய்விடும். கிணற்றுக் கட்டில் பெரியவர் ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் பிள்ளைகளை நிழலைத்தான் பார்க்க வைப்பேன்.

2019 டிசம்பர் 26 காலையில் எங்கள் ஊரில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது நினைவிருக்கும். அன்று பல வீடுகளில் பிள்ளைகளைக் கதவைச் சாத்தி உள்ளே வைத்தார்கள். எனக்கு இன்றும் அந்தக் கவலை போகவில்லை. இடியப்ப உரலைச் சூரியனுக்கு நேரே பிடித்து நிழலை நிலத்தில் விழவிட்டிருந்தால் போதும், ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒவ்வொரு ஒளி வளையம் விழுந்திருக்கும். மேலே பார்க்கவே தேவையில்லை. அந்தப் பிள்ளைகள் திரும்ப அதைப் பார்க்க எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்!

பருத்தித்துறைச் சித்தப்பா

ரீச்சர், இதில் நாங்களும் சேரலாமா? பருத்தித்துறை உங்களுக்கு வடக்கே, வடக்குத் தெற்காக அளந்தால் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். எங்களுக்குச் சூரியன் உச்சிக்கு வர இன்னும் மூன்று நான்கு நாள் பிந்தும். ஆகவே உங்கள் ஊரில் நிழல் இல்லாத அன்று எங்கள் ஊரில் ஒரு மீற்றர் குச்சிக்கு இரண்டு சென்ரிமீற்றர் அளவில் நிழல் வடக்குப் பக்கம் விழ வேண்டும். நண்பகலும் உங்களை விட நான்கு நிமிடம் பிந்தும், நாங்கள் மேற்கே ஒரு பாகை தள்ளி இருப்பதால்.

என் பெறாமகன் தரம் 10. அவனுக்கு இது பெரிய கணக்கு. 140 கிலோமீற்றருக்கு 100இல் 2.2 பங்கு சரிவு என்றால் பூமியின் ஆரை என்ன? 140ஐ 0.022ஆல் வகுக்க 6,360 அளவில் வருகிறது. புத்தகத்தில் 6,371 கிலோமீற்றர். இரண்டு குச்சியும் ஒரு தொலைபேசி அழைப்பும் போதும். நிழலின் விளிம்பு மங்கலாக இருக்கும், சூரியன் புள்ளி அல்ல, தட்டு. ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலே விடை சில நூறு கிலோமீற்றர் மாறும். அது எவ்வளவு மாறும் என்று கணிப்பதுதான் அவனுக்கு நான் கொடுக்கப்போகும் வேலை.

தரம்5 அப்பா

நான் போன கிழமை கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். நேற்று மாமியின் அந்தியேட்டிக்கு உறவுக்காரர் வந்ததால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். கிணறு ஏழு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இராவணன் தாயாரின் கிரியைக்காக வாளால் குத்தி உண்டாக்கினான் என்று நான் சிறுவயதில் கேட்ட கதையைச் சொன்னேன். மகன் கேட்டான், "அப்பா, அப்படியென்றால் ஏன் ஏழும் ஒரே சூடாக இல்லை?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருடமாக அவன் என்னிடம் கேட்டதெல்லாம் "இந்த விடை சரியா?" என்பதுதான்.

கையை வைத்து எது கூடச் சூடு என்று வரிசைப்படுத்தினோம். அவன் வரிசை வேறு, மகள் வரிசை வேறு. ரீச்சர், நிலத்துக்குக் கீழே எரிமலை இருக்கிறதா? அவனுக்கு என்ன சொல்வது?

என் பழைய கருத்தை நான் விடவில்லை. பரீட்சை பரீட்சைதான், ரியூசனை நிறுத்தப் போவதில்லை. ஆனால் ஞாயிறு பின்னேர வினாத்தாளை நிறுத்திவிட்டேன்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சர்

எரிமலை இல்லை தம்பி. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 பாகை சூடு கூடும். சூடேறிய தண்ணீர் வெடிப்பு வழியாக மேலே வருகிறது. வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீரோடு கலப்பது இடத்துக்கு இடம் மாறினால் கிணற்றுக்குக் கிணறு சூடும் மாறும். இராவணன் கதையையும் நிறுத்தாதீர்கள், அந்தக் கதையிலிருந்துதானே கேள்வி பிறந்தது.

பிள்ளைகளின் வரிசை ஏன் வேறு என்பதற்கு வீட்டில் மூன்று வாளி வையுங்கள். ஒன்றில் இளஞ்சூடு, நடுவில் சாதாரணத் தண்ணீர், மற்றதில் ஐஸ் போட்டது. ஒரு கையைச் சூட்டிலும் மறு கையைக் குளிரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு இரண்டையும் நடு வாளியில் வைக்கட்டும். ஒரே தண்ணீரை ஒரு கை குளிர் என்னும், மற்றக் கை சூடு என்னும். வெப்பமானி எதற்கு என்று பிறகு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

உப்புவெளி அம்மா

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், நடுவில் எழுத நேரமில்லை.

மார்ச் 15 அன்று கலண்டரை எடுத்து நாள் எண்ணினாள். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணி 28 என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நாலு வரி. வரிக்கு ஏழு." நான் அடுப்படியில் நின்றேன், திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். "ஓ, அப்படியா" என்று மட்டும் சொன்னேன்.

முதல் ஞாயிறு நிழல் 19 சென்ரிமீற்றர். அடுத்த ஞாயிறு 14. மூன்றாம் ஞாயிறு மழைக் கருக்கல், நிழலே விழவில்லை. அவளுக்குப் பெரிய ஏமாற்றம். நான்காம் ஞாயிறு நாலரை. கொப்பியில் மூன்றாம் ஞாயிற்றுக்கு எதிரே வெற்று இடம் கிடந்தது. ஒரு நாள் பார்த்தால் அதில் பென்சிலால் 9 என்று எழுதியிருக்கிறாள். பாராமல் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "ஒவ்வொரு கிழமையும் ஐந்து ஐந்தாகத்தானே குறைகிறது" என்றாள். அப்படியென்றால் எப்போது முடியும் என்று ரீச்சர் சொல்லித் தந்தபடி கேட்டேன். "வருகிற ஞாயிறு. ஆனால் நிழல் முடிய ஏலாது அம்மா, எல்லாத்துக்கும் நிழல் இருக்கும்." அவள் போட்ட கணக்கையே அவள் நம்பவில்லை.

ஏப்ரல் 12, வீட்டில் புத்தாண்டு வேலை. பலகாரச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து நின்றேன். அவளுடைய அப்பாவும் வந்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரும் வந்துவிட்டார்கள். 12 மணி கடந்து ஐந்தாறு நிமிடம் இருக்கும், குச்சியைச் சுற்றி ஒன்றுமில்லை. பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல், செருப்பு, தும்புத்தடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் நேராக நிறுத்திப் பார்த்தார்கள். இவள் மட்டும் கொப்பியை எடுத்து 0 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டாள். பருத்தித்துறைக்கு அழைத்தோம். அங்கே இரண்டு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட என்றார்கள். "அங்கே மட்டும் ஏன்?" என்று பின்னேரம் முழுக்க ஒரு தோடம்பழத்தில் இரண்டு தீக்குச்சி குத்தி வைத்துக்கொண்டு டோர்ச் அடித்துப் பார்த்தாள்.

வாய்ப்பாடு இன்னும் முழுதாக வரவில்லை. ஆறாம், எட்டாம் வாய்ப்பாடுகளில் தடுக்குகிறது. வகுப்பில் எழுந்து சொல்ல இன்னும் பயம் இருக்கிறது, வகுப்பாசிரியையிடம் போய்ப் பேசினேன், கொஞ்ச நாளைக்குத் தனியாகக் கேட்பதாகச் சொன்னார். ஆனால் கணக்குக் கொப்பியைத் தானாகவே எடுக்கிறாள்.

நேற்று இரவு முற்றத்தில் நின்று கேட்டாள், நிலவுக்கும் நிழல் விழுகிறதே, நிலவும் ஒரு நாள் உச்சிக்கு வந்து நிழல் இல்லாமல் போகுமா என்று. விடை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இங்கே எழுதாதீர்கள், அவளும் இதைப் பார்க்கிறாள். குச்சியைக் கழற்றாமல் வைத்திருக்கிறோம்.